காஜா பெராங்கில் நான் போட்ட வெந்நீர்க் குப்பை

பிள்ளை பெற்றவள் சாப்பிட வேண்டிய லேகியத்தைத் துறைமுகச் சுங்கச் சாவடியில் நின்றபடி விழுங்கிய கிழவன் என்னைத் தவிர வேறொருவன் இருக்க முடியாது. கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தேன். அதிகாரி இளைஞர். முகர்ந்து பார்த்து அபின் என்று முடிவு கட்டிவிட்டார்.

"யாருக்கு இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிரசவத்துக்கு" என்றேன்.

என் தொந்தியை ஒரு முறை பார்த்தார். "தின்று காட்டுங்கள்."

பெரிய உருண்டையாக மூன்று தின்று காட்டினேன். நான் மயங்கி விழவில்லை என்பதைச் சற்று நேரம் காத்திருந்து உறுதி செய்துகொண்ட பிறகு பெட்டியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு அனுப்பினார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடைகளில் இன்னும் தோரணம் தொங்கியது. மலாக்காவுக்குப் போகும் வாடகைக் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனரிடம், "நாங்கள் பத்து வருஷம் முன்னாலேயே வாங்கிவிட்டோம்" என்று பெருமையடித்துக்கொண்டேன். லேகியம் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மறுபடியும் மறுபடியும் காரை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. கடைசி முறை நான் திரும்பி வந்தபோது சீனர் மலாயில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் தமிழர். சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தார். "பத்து வருஷம் முந்தி வாங்குனவங்களுக்கு இன்னும் அவசரம் தீரலையான்னு கேக்குறாரு, பெரியவரே."

முறைப்படி இந்தப் பயணம் என் மனைவியுடையது. மகள் கடல் கடந்து வர முடியாவிட்டால் முதல் பிரசவத்துக்குத் தாய் போவாள், தகப்பன் வீட்டில் இருந்து பஞ்சாங்கம் பார்ப்பான். அவள் காலமாகிவிட்டதால் லேகியத்தோடு நான் கிளம்பினேன். விவசாய இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோவைப் பக்கத்துக் கிராமங்களில் மட்கு எரு போடக் கற்றுக்கொடுத்ததால் 'குப்பை வாத்தியார்' என்று பெயர். பிரசவத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மகள் வசந்தா மலாக்காவில் தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கேயே ராஜு என்ற செட்டி வம்சத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். மலாக்காச் செட்டிகளை வட்டிக்கடைச் செட்டியார்களோடு சேர்த்துவிடக் கூடாது. பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்குப் போய், அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களின் சந்ததி. விபூதி பூசுவார்கள், விநாயகரைக் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவது மலாய். தமிழ் தெரியாத தமிழனுக்கா பெண் என்று நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கப்பல் கிடைக்கவில்லை என்று தந்தி கொடுத்தேன். கப்பல் கிடைத்தது.

மலாக்கா ஊருக்குள் இறங்கி மூன்று சக்கர ரிக்‌ஷா பிடித்தேன். ஓட்டுகிறவர் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிறார். நம் ஊரில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போகலாம், மனசாட்சிக்கு அது வசதி. இங்கே அவர் மூச்சு வாங்குவது காதில் விழுகிறது. மகள் வீடு இருந்த காஜா பெராங் வந்ததும் ஒரு மேட்டில் நானும் இறங்கித் தள்ளினேன்.

சம்பந்தியம்மாள் நாகம்மா வாசலில் நின்றார். இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, நெற்றியில் அகலக் குங்குமம், கழுத்தில் தாலி. "வாங்க" என்றார். அவருடைய தமிழ் ஏறக்குறைய அத்தோடு தீர்ந்தது. பிறகு மலாயில் என்னைப் 'பெசான்' என்று கூப்பிட்டார். சம்பந்தி என்று அர்த்தமாம். அவர் சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டினேன், நான் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். எந்தச் சம்பந்தி வீட்டிலும் இத்தனை ஒற்றுமையை நான் கண்டதில்லை.

முதல் நாள் சமையலறையில் ஒரு சிறு கட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றத்தை முகர்ந்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "அருமையான எரு. எந்தச் செடிக்குப் போடுகிறீர்கள்?" என்று மகளிடம் கேட்டேன். அது பொடி இறாலைப் புளிக்க வைத்துச் செய்யும் பெலாச்சான். செடிக்கு இல்லை, எனக்கு. மிளகாயோடு அரைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். சுகப் பிரசவம். கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. அங்கேயும் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் வெந்நீர்க் குளியல் உண்டு. எலுமிச்சைப் புல்லும் வேறு பல இலைகளும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில், காலையும் மாலையும். கண்டல் மரத்து விறகு மழையில் நனைந்திருந்தது. அடுப்பு மூட்டினால் புகை நேரே வசந்தாவின் அறைக்குப் போகும். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மார்பு விசில் மாதிரி ஒலிக்க, பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து கிடப்பாள். நாகம்மா விசிறியும் கையுமாக அடுப்புக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். குளியலை நிறுத்தவும் அவருக்கு மனமில்லை, புகையை நிறுத்தவும் வழியில்லை.

ராஜு கிழிந்த தமிழில் ஒரு யோசனை சொன்னார். "மாமா, அடுப்பு வெளிய கொண்டு போறது. தோட்டத்துல கூரை போடுறது. புகை அங்க போவும் லா."

சரியான யோசனை. அரை நாள் வேலை. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை. கல்யாணத்துக்கு வராத மனிதன் வெறும் கையோடு உட்கார்ந்து மூன்று வேளை சாப்பிடுவது எனக்கே பொறுக்கவில்லை. "நெருப்பே இல்லாமல் வெந்நீர் தருகிறேன்" என்றேன்.

விஷயம் எளிது. இலைதழை, சமையல் கழிவு, சாணம் எல்லாவற்றையும் ஆளுயரத்துக்கு அடுக்கி, ஈரம் காட்டி, காற்றுப் போக விட்டால் சில நாளில் குவியலின் உள்ளே கையை வைக்க முடியாது. அப்படிச் சுடும். கிராமங்களில் அந்தச் சூட்டை வீணாகத்தான் விட்டோம். குவியலின் நடுவே ஓர் இரும்புப் பீப்பாயைப் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு குழாயும் கீழே திறந்து பிடிக்க ஒரு குழாயும் வைத்தால் வீட்டுக்கு வெந்நீர். எண்ணெய்ப் பீப்பாயைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். தென்னை மட்டை, வாழைத் தண்டு, தெருவோரப் புல் என்று தெருத் தெருவாகச் சேர்த்தேன்.

சாணத்துக்குப் பால்கார முனியாண்டியிடம் போனேன். ரப்பர் தோட்டத்திலிருந்து ஊருக்குள் வந்து மாடு வைத்திருப்பவர்.

"ஐயா எங்கேருந்து?"

"கோயம்புத்தூர்."

"கப்பல்லயா வந்தீங்க?"

"ஆமாம்."

"எங்க அப்பாரும் கப்பல்லதான் வந்தாரு, பால்மரம் வெட்ட. நீங்க சாணி பொறுக்க வந்திருக்கீங்க. ஊரு முன்னேறிடுச்சுங்க" என்றார். கூடையை மட்டும் நிறைத்துக் கொடுத்தார்.

மீன் கழிவு போட்டால் சூடு சீக்கிரம் ஏறும் என்று உஜோங் பாசிருக்குப் பஸ்ஸில் போய், மீனவர்களிடம் குடலும் தலையுமாக ஒரு டின் வாங்கி வந்தேன். திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் நடத்துநர் மணியை அடித்து வண்டியை நிறுத்தினார். டின்னை இறக்கலாம் அல்லது டின்னோடு நீங்கள் இறங்கலாம் என்றார். டின்னோடு இறங்கி நடந்தேன். பூனைகள் துணைக்கு வந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டதை வசந்தா ஜன்னல் வழியாகக் கேட்டு எனக்குச் சொன்னாள். "நாகம்மாவின் சம்பந்திக்கு இந்தியாவில் பெரிய உத்தியோகமாம்." "என்ன உத்தியோகம்?" "பார்த்தால் தெரியவில்லையா, குப்பைதான்."

ஆனால் சூடு ஏறியது. ஒரு விடியற்காலையில் குழாயைத் திறந்தேன். நாகம்மா கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் நீட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். இலைகளை மட்டும் ஒரு சின்னப் பாத்திரத்தில் கரியடுப்பில் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் கலந்தார். அன்று வசந்தா புகையில்லாமல் குளித்தாள். மார்பு ஒலிக்கவில்லை. சமையலறையில் எனக்கு உத்தரவு கிடைத்தது: முந்தின நாள் மிஞ்சிப்போய்ப் பிரம்பு மூடியின் அடியில் கிடப்பதை நான் கேட்காமலே குவியலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்த வாரம் என்னைப் போல நிமிர்ந்து நடந்த கிழவன் மலாக்காவிலேயே இல்லை. ஊர்க் கோயிலில் ஓர் உபன்யாசமே செய்திருப்பேன், கேட்க ஆள் கிடைத்திருந்தால்.

குளிர்ந்த காலைகளில் குவியலிலிருந்து ஆவி எழும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, எங்களை எழுப்பக் கூட நேரமில்லாமல், வேலி தாண்டி வந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டி அணைத்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நன்றிக்காகக் காத்திருந்தார். நன்றி சொன்னேன்.

குவியல் நனைந்து குளிர்ந்துபோயிற்று. மறுபடி அடுப்பு, மறுபடி புகை, மறுபடி விசில். உள்ளே போட ஏதாவது கிடைக்காதா என்று நான் வெறி பிடித்தவன் போல அலைந்தேன். அப்போது போகி வந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் செட்டிகள் வீட்டில் 'பார்ச்சு' செய்வார்கள். இறந்துபோன மூத்தவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது. எங்கள் வீட்டில் பிள்ளைப்பேற்றுத் தீட்டு இருந்ததால் அந்த வருஷம் படையல் இல்லை. நாகம்மா காலையில் ஏதோ சமைத்தார், நான் கவனிக்கவில்லை. பிறகு தம்பி வீட்டுப் படையலை வாசலில் நின்றாவது பார்த்து வருகிறேன் என்று கிளம்பினார். ராஜுவும் போனார். வசந்தாவும் குழந்தையும் தூங்கினார்கள்.

சமையலறை மேஜையில் பிரம்பு மூடி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். பீங்கான் தட்டில் சோறு, புளி போட்ட மீன் பிண்டாங், முட்டை, ஒரு துண்டுப் பலகாரம். எல்லாம் ஆறிப்போயிருந்தது. நாங்கள் காலையில் கஞ்சி குடித்தாயிற்று. அப்படியானால் இது நேற்றையது. விளக்கு இல்லை, இலை இல்லை, ஊதுவத்தி இல்லை. எடுத்துக்கொண்டு போய்க் குவியலில் குழி பறித்துப் போட்டு மூடினேன். எங்கள் தலைமுறை ஆண்பிள்ளைக்குத் தட்டுக் கழுவத் தெரியாது. தட்டைப் பழைய இடத்திலேயே வைத்து, மேலே மூடியையும் கவிழ்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

வெயில் ஏறிய பிறகு சமையலறையில் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. அப்புறம் நாகம்மாவின் குரல். "பாப்பாக் ராஜு... பாப்பாக் ராஜு..." அதுவரை அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. முன்னறையில் கேட்டது. தெருவில் கேட்டது. குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். தோட்டத்துக்கு ஓடி வந்தார். என்னைத் தாண்டித் தென்னை மரத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், மறுபடி வீட்டைப் பார்த்தார். ஓடியதில் கொண்டை அவிழ்ந்திருந்தது. முகம் இளம் வயதுப் பெண்ணுடையதாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் மனித முகத்தில் பார்த்ததில்லை.

பாப்பாக் என்றால் அப்பா. அந்த அளவு மலாய் எனக்கு வந்திருந்தது. ராஜுவின் அப்பா.

வசந்தா அறையைவிட்டு வரக் கூடாதவள், பின் வாசல் வரை வந்துவிட்டாள். "அப்பா, தட்டுல இருந்த சோத்த யாரு சாப்பிட்டது?"

"யாரும் சாப்பிடலையே. குப்பையில போட்டேன். ரெண்டு நாளில சூடு ஏறிடும்" என்றேன். சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள். ஜப்பான்காரன் காலத்தில் நாகம்மாவின் கணவரை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. "செத்தவங்களுக்குத்தாம்ப்பா இலை. உசிரோட இருக்கறவருக்குத் தட்டு. போகி அன்னிக்கு மட்டும் வைப்பாங்க. மறுநாள் கோழிக்குப் போட்டுடுவாங்க. அந்தத் தட்டு தானா காலியானதே இல்ல."

ஏறக்குறைய ஒரு மாதம் அந்த வீட்டில் சாப்பிட்டேன். குங்குமத்தைப் பார்த்தேன், தாலியைப் பார்த்தேன். வீட்டுக்காரர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாணி எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் கேட்டேன்.

"நீ சொல்லு" என்றேன் மகளிடம். மலாயில் சொன்னாள். நாலைந்து வார்த்தைதான். நாகம்மா அங்கே கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு ஏதோ கேட்டார்.

"பெசான் ஒரு வாயாவது சாப்பிட்டாரான்னு கேக்குறாங்க, அப்பா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். விருந்தாளி வயிற்றுக்காவது போயிற்று என்று இருந்திருப்பார். ஆனால் நான் பொய் சொல்லாதவன் என்று பெயரெடுத்தவன், கப்பல் விஷயம் தவிர. "இல்லை" என்றேன்.

பிறகு கவைக்கோலை எடுத்துக் குவியலைக் கிளற ஆரம்பித்தேன். எதைத் தேடினேன் என்று இப்போதும் தெரியவில்லை. மீன் முள் ஒன்று வந்தது. நாகம்மா உட்கார்ந்தபடியே ஒரு வார்த்தை சொன்னார்.

"கிளறாதீங்க, சூடு போயிடும்ங்கிறாங்க" என்றாள் மகள்.

சூடு போகவில்லை, ஏறியது. வசந்தா மறுபடியும் புகையில்லாமல் குளித்தாள். நாகம்மா வழக்கம்போல் வாளியோடு வந்து குழாயைத் திறந்தார். என் மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. கோபத்துக்கு நான் தயாராக இருந்தேன். வேறொன்றுக்குத் தயாராக இல்லை. மறுநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதே பீங்கான் தட்டில் சோறு போட்டு, மீன் வைத்து, மூடி கவிழ்த்தார். அதற்கு மறுநாளும்.

"போகிதான் முடிஞ்சு போச்சே?" என்று வசந்தாவிடம் கேட்டேன்.

"அவருக்கு என்ன தேதி தெரியும், எந்த நாளும் வரலாமேங்கிறாங்க." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு வந்துட்டாருன்னு நெனச்சுட்டாங்கல்ல, அப்பா. அத இனிமே எப்படி எறக்கி வைக்கிறது?"

வருஷத்துக்கு ஒரு நாள் என்று எப்படியோ பழக்கி வைத்திருந்த காத்திருப்பை நான் தினசரி ஆக்கிவிட்டேன். கத்தியால் குத்தியிருந்தால் வைத்தியம் இருந்திருக்கும். "அடுப்பைத் தோட்டத்துக்கே மாற்றிவிடலாம், குவியலைக் கலைத்துவிடுகிறேன்" என்று ராஜுவிடம் சொன்னேன். "வேணாம் மாமா, மாக்குக்கு இது பிடிச்சிருக்கு" என்றார். மாக் என்றால் அம்மா. விடிந்ததும் நாகம்மா மூடியைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு தட்டைத் தாமே எடுத்து வந்து என் கையில் கொடுப்பார். நான் குழி பறித்துப் போடுவேன். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு ஒழுங்காகத் தீனி கிடைத்த குவியலை நான் பார்த்ததில்லை. நாற்பது நாள் முடியும்வரை அதன் பிறகு ஒரு நாள்கூடச் சூடு குறையவில்லை.

நான் ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் ரிக்‌ஷா வாசலில் நின்றது. பெட்டியை ஏற்றியாயிற்று. நாகம்மா வழக்கம்போல் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டத்துக்குப் போனேன். குழி பறிக்கக் குனிந்தவன் பறிக்கவில்லை. குவியலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். புளி போட்ட மீன், கெட்டுப்போகவில்லை. சோறு விறைத்திருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

நிமிர்ந்தபோது பின் வாசலில் நாகம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. இறங்கி வந்து, கழுவப் போன தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மலாயில் ஒன்று கேட்டார். மொழிபெயர்க்க மகள் பக்கத்தில் இல்லை. ஆனால் காராம் என்றால் உப்பு என்று அந்தச் சமையலறையில் கற்றிருந்தேன். உப்பு சரியாக இருந்ததா என்று கேட்கிறார்.

உப்பு கொஞ்சம் தூக்கல்தான். சரியாக இருந்தது என்றேன்.